தீப்பெட்டி ஆபீசுக்குள் மீடியம் பார்மட் கேமரா

ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொழிற்சாலையைப் படமெடுப்பது எப்படி என்பதை இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு தொழிலை வைத்துப் பார்க்கலாம். கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லப்படும் தொழிற்கூடம்தான் அது. ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், வரிசையாகக் கதவுகள், தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்கள் என்று ஒரு படக்காரருக்கு வேண்டிய எல்லாமே அங்கே உண்டு. எளிதில் தீப்பற்றும் மருந்தும் அங்கே உண்டு. ஆகவே இங்கே ஒழுங்காகப் படமெடுக்கப் பழகியவர் பருத்தி அரவை ஆலையிலும் நூற்பாலையிலும் தைரியமாகக் கேமராவைத் தூக்கலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். தீப்பெட்டி ஆபீசில் பெரும்பாலான வேலைக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. "ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று நீங்கள் சொன்னால், அந்த நிமிடத்துக்கான காசு அவர்கள் கையில் குறையும். காத்திருக்க வேண்டியவர் நீங்கள்தான். இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகள் எல்லாம் இதை ஒட்டியவையே.

ஏன் இந்தத் தொழில், ஏன் இந்தக் கேமரா

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். சிவகாசியிலிருந்து தொழில் கரிசல் காடெங்கும் பரவியது. காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. மானாவாரி நிலத்தில் பருத்தி, கம்பு, உளுந்து விதைத்து எடுத்தபின் ஆண்டின் பெரும்பகுதி வேலை கிடையாது. காற்றில் ஈரம் குறைவு என்பதால், குச்சியில் முக்கி எடுத்த மருந்து சீக்கிரம் காய்ந்துவிடும். வெள்ளாமையைப் பொய்க்கவைத்த அதே வறட்சிதான் இந்தத் தொழிலுக்குக் கைகொடுத்தது.

இன்று குச்சி அடுக்குவது முதல் பெட்டி அடைப்பது வரை முழு இயந்திரங்கள் வந்துவிட்டன. கையும் இயந்திரமும் கலந்த பழைய முறை குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு படியையும் தெளிவாகப் பதிவு செய்ய இதுவே தருணம்.

அதற்கு மீடியம் பார்மட் பொருத்தம் என்று சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, விவரம். 6×6 நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ. நெகட்டிவைப்போல் சுமார் மூன்றரை மடங்கு. குச்சிகளை அடுக்கும் சட்டமான ஒரு கட்டையில் நெருக்கமாக நிற்கும் குச்சிகளின் தலைகளைப் பெரிய அச்சிலும் தனித்தனியாகப் பார்க்க முடியும். இரண்டாவது, மின்சாரம் இல்லாமை. ரோலிபிளெக்ஸ், ஹாசல்பிளாட் 500 சி/எம், மமியா ஆர்பி67 போன்றவை முழுக்க இயந்திர விசையில் இயங்குபவை, பேட்டரியே வேண்டாம். யாஷிகா மேட் 124ஜி-யில் ஒளிமானிக்கு மட்டும்தான் பேட்டரி; அதைக் கழற்றிவிட்டாலும் ஷட்டர் வேலை செய்யும். பென்டாக்ஸ் 67, மமியா ஆர்இசட்67, பிரானிகாவின் பிற்கால மாடல்கள் ஆகியவற்றை முழுமையாக இயக்கப் பேட்டரி வேண்டும். மருந்து புழங்கும் இடத்துக்கு முதல் வகையையே தேர்ந்தெடுங்கள்.

நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களுக்கு 120 ரோல் புதிதல்ல. இரட்டை லென்ஸ் கேமராவில் கல்யாணப் படமும் காதுகுத்துப் படமும் எடுத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பிலிம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ பழைய ஸ்டூடியோ ஒன்றில் போய்ப் பேசிப் பாருங்கள். கேமராவைத் துடைத்து வைத்திருக்கும் அண்ணாச்சி யாராவது இருப்பார். அறிவுரைக்குக் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார்.

போகும் முன்

முதலில் கேமரா இல்லாமல் போங்கள். முதலாளியையோ கணக்குப்பிள்ளையையோ பார்த்து, எதற்காக எடுக்கிறீர்கள், படம் எங்கே போகும் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். கேமரா என்றதும் சிலர் முகம் சுளிப்பதற்கு நியாயம் உண்டு. குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை இந்த வட்டாரத்தின் மீது நீண்ட காலம் நிழலாகப் படிந்திருந்தது. சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990-இல் வந்தது. வெளியூர்க்காரர் கையில் கேமரா இருந்தால் அந்த நினைவும் கூடவே வரும். கோபப்படாமல் காத்திருங்கள். வாய்மொழிச் சம்மதம் கிடைத்ததும், எந்த அறையில் எடுக்கலாம், எதில் கூடாது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், கோவில்பட்டியில் உள்ள சிறு தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கத்தில் விசாரிக்கலாம்.

பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்பது சட்டம். அப்படி யாரையாவது கண்டால் அதை ஒரு நல்ல காட்சியாக நினைத்துப் படமெடுக்காதீர்கள். 1098 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள்.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குச்சி காயாது, வேலை தேங்கும். ஆனி, ஆடியில் காற்று பலமாக அடிக்கும். கரிசல் புழுதி லென்ஸிலும் பிலிம் பெட்டியிலும் ஏறும். தை பிறந்து பங்குனி முடியும் வரை வானம் தெளிவு, வேலை மும்முரம். முதல் முறை போகிறவர்களுக்கு இதுவே நல்ல காலம்.

பாதுகாப்பு: இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்

குச்சியின் தலையில் உள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வஜ்ஜிரமும் இருக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டில் பூசும் சைடு மருந்தில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டையும் பிரித்து வைத்ததால்தான் அதற்குப் பாதுகாப்புத் தீப்பெட்டி என்று பெயர். குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும் கலந்தால் லேசான உராய்விலேயே வெடிக்கும். அதனால்தான் இரண்டு வேலைகளும் தனித்தனி அறைகளில் நடக்கின்றன.

படக்காரர் இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். தொழிலாளி ஓர் அறையில் உட்கார்ந்தால் அங்கேயே இருப்பார். அறைக்கு அறை போய்வருகிறவர் நீங்கள். சைடு மருந்துத் தூள் உங்கள் காலிலும் டிரைபாட் காலிலும் ஒட்டிக்கொண்டு குளோரேட் இருக்கும் அறைக்குள் போகலாம். ஆகவே:

- செருப்பை வெளியே விடுங்கள். ஓர் அறையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் முன் காலைக் கழுவுங்கள். டிரைபாட்டின் மூன்று கால்களையும் ஈரத்துணியால் துடையுங்கள். துடைத்த துணியை அடுத்த அறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.
- டிரைபாட்டுக்கு ரப்பர் பாதம் கட்டாயம். இரும்பு முனை கூடாது. தரையில் இழுக்காமல் தூக்கி வையுங்கள்.
- பிளாஷ், மின்விளக்கு, செல்போன், டிஜிட்டல் கேமரா எல்லாவற்றையும் கணக்குப்பிள்ளை மேசையிலேயே விட்டுவிடுங்கள். லைட்டர் இருந்தால் அதையும்.
- பருத்திச் சட்டை போடுங்கள். நைலான், பாலியஸ்டர் துணியில் நிலைமின்சாரம் சேரும்.
- மருந்து கலக்கும் அறைக்குள் போகவே வேண்டாம். கேமராவில் பேட்டரி இல்லை என்பது அதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. அந்த அறை வேண்டுமென்றால், மேஸ்திரி அனுமதித்தால், வெளியே நின்று 150 மி.மீ. லென்ஸில் வாசல் வழியே எடுங்கள்.
- ஒவ்வோர் அறையிலும் வெளியேறும் கதவு எது என்று முதலில் பாருங்கள். டிரைபாட்டை அந்த வழியில் நிறுத்தாதீர்கள்.

மேஸ்திரி "வேண்டாம் தம்பி" என்றால் காரணம் கேட்காதீர்கள். அந்த இடத்தை அவர் அளவுக்கு நீங்கள் அறியமாட்டீர்கள்.

பிலிமும் வெளிச்சமும்

கறுப்பு வெள்ளையில் ஐஎஸ்ஓ 400 பிலிம் போதும். இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ், கோடாக் ட்ரை-எக்ஸ் இரண்டும் இந்த வேலைக்கு ஏற்றவை. 6×6 கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம், 6×7-இல் 10 படம். ரோல் முடிந்தால் வெளியே திண்ணை நிழலுக்கு வந்து மாற்றுங்கள். கையைக் கழுவிவிட்டு மாற்றுங்கள்.

ஒளிமானியிலும் பேட்டரி இல்லாதது உண்டு. செலினியம் செல் வைத்த பழைய வெஸ்டன், செகோனிக் மானிகள் வெளிச்சத்தாலேயே இயங்குபவை. ஆனால் மங்கலான மூலையில் அவற்றின் முள் அசையாது. அப்போது வாசலருகே அளந்து, உள்ளே போகப் போக எத்தனை ஸ்டாப் குறைகிறது என்று கண்ணால் மதிப்பிடப் பழகுங்கள்.

தீப்பெட்டி ஆபீசின் வெளிச்சம் பெரும்பாலும் பக்கத்திலிருந்து வருவது. தொழிலாளர்கள் கதவோரமும் ஜன்னலோரமும் உட்காருவது அதற்காகத்தான். கதவோரத்தில் வேலை செய்யும் கையில் ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு எஃப்/4-இல் 1/60 கிடைக்கலாம். அறையின் நடுவில் அது 1/15 ஆகிவிடும். வெளியே முற்றத்தில் உச்சிவெயில் அதைவிட எட்டு, ஒன்பது ஸ்டாப் கூடுதல். கதவையும் உள்ளறையையும் ஒரே சட்டத்தில் வைத்தால் ஒன்று வெளுக்கும் அல்லது இன்னொன்று கறுக்கும். இதற்கு மூன்று வழிகள்:

ஒன்று, கதவு உங்கள் முதுகுக்கோ தோளுக்கோ பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். இரண்டு, காலை எட்டரைக்கு முன்போ மாலை நாலரைக்குப் பின்போ எடுங்கள். வெளிவெயில் தணிந்து வித்தியாசம் குறையும். மூன்று, கதவு கட்டாயம் வேண்டுமென்றால், விவரம் தெரியவேண்டிய இருண்ட பகுதியை அளந்து, அந்த அளவிலிருந்து 2 ஸ்டாப் குறைத்து எடுங்கள். பிறகு டெவலப் செய்யும் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். நிழலும் நிற்கும், வெளிச்சமும் வெளுக்காது.

ஆள் இல்லாத அறையையோ இயந்திரத்தையோ எடுக்கும்போது நீண்ட எக்ஸ்போஷர் தேவைப்படும். ஒரு நொடியைத் தாண்டினால் பிலிமின் உணர்திறன் மந்தமாகும். ஹெச்பி5 பிளஸில் மானி 2 நொடி காட்டினால் இரண்டரை நொடி, 4 காட்டினால் 6, 10 காட்டினால் 20 நொடி கொடுங்கள். ட்ரை-எக்ஸ் இன்னும் கூடுதலாகக் கேட்கும். கோடாக் தாளின்படி 10 நொடிக்கு 50 நொடி.

கூர்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீடியம் பார்மட்டில் கூர்மையின் ஆழம் குறைவு. 80 மி.மீ. லென்ஸை எஃப்/16-இல் வைத்து 8 மீட்டரில் குவித்தால், 4 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூர்மையாக இருக்கும். கூடம் முழுவதையும் எடுக்க இது போதும். அதே லென்ஸில் எஃப்/5.6 வைத்து 1 மீட்டர் தூரத்தில் ஒரு கையை எடுத்தால் கூர்மை சுமார் 9 செ.மீ. மட்டுமே. கை வேண்டுமா, குச்சி வேண்டுமா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எடுக்க வேண்டிய வரிசை

அழகாகத் தெரிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு திரும்பினால், பத்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்குத் தீப்பெட்டி எப்படிச் செய்தார்கள் என்று புரியாது. வேலையின் வரிசையிலேயே எடுங்கள்.

1. தொழிற்கூடத்தின் முகப்பு, முற்றம், கிணறு, சுற்றியுள்ள கரிசல் காடு. கேமராவைச் சமமட்டத்தில் வையுங்கள், சுவர்கள் சாயக்கூடாது.

2. குச்சி மூட்டைகள் வந்து இறங்குவதும் வெயிலில் உலர்வதும்.

3. கட்டை அடுக்குவது. பள்ளம் வெட்டிய மெல்லிய பலகைகளுக்கு இடையே குச்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்தும் வேலை. இப்போது பல இடங்களில் இதற்கு மெஷின். இன்னும் கையால் அடுக்கும் ஒருவர் இருந்தால், அவருக்காக ஒரு முழு ரோல் வையுங்கள்.

4. மெழுகும் மருந்தும் முக்குவது. மொத்தத் தொழிலும் ஒன்றுகூடும் இடம் இது. குச்சிமுனைகளை முதலில் உருகிய மெழுகில் நனைக்கிறார்கள். பிறகு சமதளத் தட்டில் மெல்லிசாகப் பரப்பிய மருந்தின் மேல் கட்டையைக் கவிழ்த்து ஓர் அழுத்து அழுத்தி எடுக்கிறார்கள். கட்டை தட்டை விட்டு எழும் கணத்தில் ஈரத் தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் பளபளக்கும். அடுத்த சில விநாடிகளில் பளபளப்பு மங்கத் தொடங்கும். அந்தக் கணம்தான் வேண்டும். தட்டின் உயரத்துக்குக் கேமராவை இறக்கி, ஜன்னல் வெளிச்சம் எதிர்ப்பக்கவாட்டிலிருந்து வரும்படி நில்லுங்கள். முக்குகிறவரின் தாளத்தை முதலில் பாருங்கள். கவிழ்ப்பது, அழுத்துவது, தூக்குவது மூன்றும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வரும். மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தால் எப்போது விசையை அமுக்க வேண்டும் என்று உங்கள் விரலுக்கே தெரிந்துவிடும். 1/60 இருந்தால் தலைகள் கூர்மையாக நிற்கும். இந்த அறையில் நிற்க அனுமதி இல்லையென்றால் வாசலிலிருந்தே எடுங்கள்.

5. மருந்தில் முக்கி எடுத்த கட்டைகள் அடுக்கில் காய்வது. ஆள் அசைவு இல்லாத காட்சி என்பதால் டிரைபாட்டும் எஃப்/16-உம்.

6. பெட்டி அடைப்பது. தேர்ந்த கை ஒரு பிடி அள்ளினால் ஒரு பெட்டிக்கான குச்சி வந்துவிடும், எண்ண வேண்டியதில்லை. இந்த வேகத்தைக் காட்ட இரண்டு விதமாக எடுங்கள். 1/125-இல் ஒன்று, விரல்களின் பிடி தெரியும். 1/4-இல் ஒன்று, உடம்பு அசையாமல் கை மட்டும் கலங்கித் தெரியும்.

7. சைடு மருந்து பூசுவது, லேபிள், பண்டல் கட்டுவது. லேபிளைத் தனியாக ஒரு படம் எடுங்கள். 2007 வரை 50 காசு, பிறகு ஒரு ரூபாய், 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் என்று பெட்டியின் விலை மாறியிருக்கிறது. விலை அச்சான லேபிள் உங்கள் படத்தின் காலத்தைத் தானே சொல்லிவிடும்.

8. சாப்பாட்டு நேரம், தூக்குவாளிகள், வருகைப் பதிவேடு, மாலையில் வேன் ஏறுவது. இவையும் தொழிற்சாலையின் பகுதிகள்தான்.

வேலை செய்பவர்களை எடுக்கும்போது

முதலாளியின் அனுமதி கட்டடத்துக்கு மட்டும்தான். முகத்துக்கு அனுமதி தர வேண்டியவர் முகத்துக்குரியவர். "அக்கா, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. நான் இந்த ஓரமா இருந்து எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டாலே போதும். "என் மூஞ்சி வேண்டாம்ப்பா, கைய வேணா எடுத்துக்கோ" என்று பதில் வந்தால் கையை மட்டும் எடுங்கள். மேஸ்திரி எதிரில் நிற்கும்போது கேட்காதீர்கள். மறுக்க விரும்புகிறவரும் அப்போது தலையாட்டிவிடுவார்.

அவர்கள் தரையில் இருக்கும்போது நீங்கள் நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் வரும். நீங்களும் உட்காருங்கள். இரட்டை லென்ஸ் கேமராவை மடியில் வைத்து மேலிருந்து குனிந்து பார்த்தால், லென்ஸ் அவர்கள் கையின் மட்டத்துக்கு வந்துவிடும். கேமராவின் கழுத்துவாரை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் 1/30 வரை நடுக்கமில்லாமல் எடுக்கலாம். லீஃப் ஷட்டரின் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது.

உருவப்படம் வேண்டுமென்றால் சாப்பாட்டு இடைவேளையிலோ வேலை முடிந்த பிறகோ கேளுங்கள். தலையை ஒதுக்கி, சேலையைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுங்கள். வறுமையைக் காட்டுவதற்கென்று கிழிந்ததையும் அழுக்கையும் தேடிப் போகாதீர்கள். ஒரே பிடியில் ஒரு பெட்டிக்கான குச்சியை அள்ளும் கைத்திறன் அங்கே கண்முன் இருக்கிறது, அதை எடுங்கள்.

கழுவுவதும் காப்பதும்

எடுத்த ரோல்களைக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்துப் பையின் நடுவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். இந்த வட்டாரத்தில் பல இடங்களில் தண்ணீர் உப்பு. பிலிமில் வெள்ளைப் புள்ளி விழும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். கோடையில் குழாய்த் தண்ணீரே சுடும். டெவலப்பர், பிக்ஸர், அலசும் நீர் மூன்றையும் ஐஸ் பாத்திரத்தில் வைத்து ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள்; 24 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. குளியலறையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிய பிறகே பிலிமைத் தொங்கவிடுங்கள்.

ஒவ்வொரு நெகட்டிவுக்கும் குறிப்பு எழுதுங்கள்: தேதி, ஊர், எந்தப் படி, அந்த வேலைக்கு அங்கே என்ன பெயர். பெயர் போடச் சம்மதித்தவரின் பெயர். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் சேர்த்திருக்கிறது. அத்தகைய முயற்சிகளில் படம் கிடைத்தும், அதில் இருப்பவர் யார், எங்கே எடுத்தது என்று தெரியாமல் போவதே பெரிய இழப்பு. உங்கள் படத்துக்கு அந்த நிலை வரவேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அச்சிட்டு, நேரில் போய்க் கொடுங்கள். செல்போனில் அனுப்பிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அவர்கள் தங்கள் வேலை நேரத்துக்குள் உங்களை உட்காரவிட்டவர்கள். பிரதி கொடுத்து முடிக்கும் வரை அந்தத் தொழிற்சாலையில் உங்கள் வேலை முடியவில்லை.